உள்ளே ஒருவர், வாசலில் ஊர்
லேபர் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியர் தங்கைகளுக்கு

போன மாதம் எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் புதிதாகப் பணியில் சேர்ந்த நான்கு பெண்கள் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான்கு பேருக்கும் லேபர் வார்டில் டியூட்டி. காபி டம்ளரைக் கையில் வாங்கியதுமே அவர்களில் சின்னவள் கேட்டாள்: "பிரசவம் பாக்குறதுக்குக்கூடப் பயமில்லம்மா. கதவத் தொறந்தா நிக்கிற கூட்டத்தப் பாத்தாதான் பயமா இருக்கு. ஒரு பிள்ளைத்தாச்சிக்கு பதினாலு பேர் வர்றாங்க. என்னம்மா பண்றது?"

நான் 33 ஆண்டு அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தேன். அதில் 21 ஆண்டு லேபர் வார்டு. அன்று அவளுக்குச் சொன்னதையும், அவர்கள் போன பிறகு எனக்கு நினைவு வந்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

1. அந்தப் பதினான்கு பேரும் எதற்கு வந்தார்கள் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

என் அம்மா ஐந்து பிள்ளைகளையும் வீட்டில்தான் பெற்றாள். பின்கட்டில் மருத்துவச்சியும் அப்பத்தாவும், திண்ணையில் ஆண்கள், வேப்பமரத்தடியில் தெருப் பெண்கள். வெந்நீர் வைக்க ஒருத்தி, பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுக்க ஒருத்தி, மூத்த பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சோறு போட ஒருத்தி என்று வந்தவர்கள் எல்லோருக்கும் வேலை இருந்தது. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேல் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. பிரசவம் இடம் மாறியபோது ஆட்களும் கூடவே வந்தார்கள். அவர்களுடைய வேலையை மட்டும் நாம் வாங்கிக்கொண்டோம். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், மூடிய கதவையே பார்த்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் நிற்பது எப்படி இருக்கும் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். என் தங்கை பிரசவத்துக்கு நான் அப்படி நின்றிருக்கிறேன். நானே கதவைத் தட்டினேன்.

இன்னொன்று. அந்தக் கூட்டத்தில் இருக்கும் வயதான பெண்களில் ஒருத்திக்காவது பிரசவத்தில் போய்ச் சேர்ந்த அக்காவோ மதினியோ இருந்திருப்பாள். அவள் வேடிக்கை பார்க்க வரவில்லை. அன்றைக்குக் கூலி போனாலும் பரவாயில்லை என்று பஸ் ஏறி வந்தவள்.

2. உள்ளே ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அது நாம் காட்டும் தயவு இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வலியோடு வருகிறவளை வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவோம். உள்ளே ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். நாங்கள் இருவர் அல்லது மூவர். யாருக்குத் தலை தெரிகிறதோ அவளிடம் மட்டும்தான் நாங்கள் நிற்போம். மற்றவர்கள் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். கத்தினால் திட்டு விழும், சிலர் கையால் அடியும் விழும். நான் அடித்ததில்லை. ஆனால் அடித்தபோது பக்கத்தில் நின்று பேசாமல் இருந்திருக்கிறேன். அதை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

2004இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடலாம் என்ற முறை வந்தது. மத்திய அரசு நாடு முழுவதற்கும் அதைச் சொன்னது 2016இல்தான். அந்த வகையில் நாம் முன்னால் நடந்தவர்கள். ஆனால் முதலில் எதிர்த்தவர்களில் நானும் ஒருத்தி. இருக்கிற இடமே போதவில்லை, இன்னும் எட்டுப் பேரை எங்கே நிறுத்துவது என்று கேட்டேன். ஆறு மாதத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன். துணை இருக்கிற பெண் எழுந்து நடக்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள், மூத்திரம் போகிறாள். அவளைக் கவனிக்க எனக்கு ஒரு கை கூடுதலாகக் கிடைத்திருந்தது. உதிரம் அதிகமாகப் போனால் முதலில் பார்த்துக் கூப்பிடுவது அந்தத் துணை அம்மாவாகத்தான் இருக்கும்.

என் கண் பார்த்தது உலகம் முழுக்க உண்மை என்று பிறகு படித்தேன். கோக்ரேன் குழுவினர் 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் 17 நாடுகளின் 26 ஆய்வுகள், 15,000க்கு மேற்பட்ட பெண்கள். பிரசவம் முழுக்க ஒருவர் விடாமல் பக்கத்தில் இருந்தால் வலி நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது, வலிக்கு மருந்து கேட்பது குறைகிறது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் எல்லாப் பெண்ணுக்கும் அவள் விரும்பும் துணை வேண்டும் என்று சொன்னது. நம் மாநிலத்தில் கிட்டத்தட்ட நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன் என்று 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. செலவே இல்லாமல் அதைக் கொஞ்சமாவது குறைக்க ஒரு ஸ்டூலும் ஓர் ஆளும் போதும் என்றால், அந்த ஸ்டூலைப் போட நமக்கு என்ன தயக்கம்?

3. யார் அந்த ஒருவர் என்பதை அவளிடமே கேளுங்கள். தனியாகக் கேளுங்கள்.

நான் சொல்ல நினைப்பதில் இதுதான் முக்கியம். எத்தனை பேர் உள்ளே வரலாம் என்று மருத்துவமனை சொல்லும். யார் என்பதைச் சொல்ல வேண்டியவள் கட்டிலில் இருப்பவள். வாசலில் நின்று, "யாரும்மா கூட வர்றீங்க?" என்று கேட்டால் குரல் பெரிதாக உள்ளவர்தான் வருவார். பெரும்பாலும் அது மாமியார். மாமியார் என்றாலே கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. மருமகளைத் தோளில் சாய்த்து விடிய விடிய நின்ற மாமியார்களை எண்ணினால் என் கைவிரல்கள் போதாது.

தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரு பெண். வயது இருபது இருக்கும். கருப்பை வாய் நன்றாகத் திறந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றுவிட்டது. குழந்தையின் துடிப்பில் குறை இல்லை. அவள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல், சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். மாமியார் காப்பி குடிக்கப் போன நேரத்தில் அவள் தலையைக் கோதிக்கொண்டே கேட்டேன்: "உனக்கு யாரு இருந்தா நல்லாருக்கும்?" கண்ணீர்தான் முதலில் வந்தது. "எங்க அக்கா வெளிய நிக்கிதுக்கா. அத்த கோவிச்சுக்கும்." நான் வெளியே போய் மாமியாரிடம், "நீங்க ராத்திரி பூரா நின்னுட்டீங்க மதினி, கொஞ்ச நேரம் படுங்க. வேற ஆள மாத்தி விடுறேன்" என்றேன். அந்தப் பெண் கேட்டாள் என்று சொல்லவில்லை. அக்கா உள்ளே வந்ததும் அவள் வாய்விட்டு அழுதாள், கத்தினாள், அக்காவின் இடுப்பைப் பிடித்துத் தொங்கினாள். இரண்டரை மணி நேரத்தில் பெண் குழந்தை. அக்கா வந்ததால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அன்றிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒருத்தியையும் நான் கட்டிலில் ஏற்றியதில்லை.

சில பெண்களுக்குச் சொந்த அம்மாவே ஆகாது. மகள் வலியில் துடிப்பதைப் பார்த்துத் தாயும் சேர்ந்து அழுவாள், மகள் தன் வலியை விட்டுவிட்டுத் தாயைத் தேற்றிக்கொண்டிருப்பாள். சிலர் யாருமே வேண்டாம் என்பார்கள். அதற்கும் சரி சொல்லுங்கள். இந்தக் கேள்வியை வலி வந்த பிறகு கேட்பதைவிட, எட்டாம் ஒன்பதாம் மாதம் செக்கப்புக்கு வரும்போதே கேட்டுச் சீட்டில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை வாசலுக்கே வராது.

4. ஒருவர் என்றால் ஒரு நேரத்தில் ஒருவர்.

ஆள் மாறலாம். நீண்ட பிரசவத்தில் மாறத்தான் வேண்டும். துணைக்கு நிற்பவளுக்கும் பசிக்கும், கால் வலிக்கும், பாத்ரூம் போகணும். மாறும்போது உள்ளே வருவதற்கான பாஸ் கைமாற வேண்டும். புதிதாக வருகிறவர் கை கழுவ வேண்டும். மணிக்கு நாலு தடவை மாறினால் அதற்குப் பெயர் துணை இல்லை.

5. புருஷன் விஷயம்.

மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல் துணைக்கு வருபவர் பெண் உறவினராக, முடிந்தால் பிரசவம் கண்டவராக இருக்கச் சொல்கிறது. மறைப்புக்கு வசதி உள்ள இடங்களில் கணவரையும் விடலாம் என்றும் சொல்கிறது. மறைப்பு என்பது சும்மா ஒரு துணி இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவள் மேல் வேற்று ஆணின் பார்வை படாமல் இருக்க வேண்டும். நம் ஊரில் பெண்கள் மருத்துவமனை வளர்ந்த கதையிலேயே இந்த மறைப்பு இருக்கிறது. ஆண் டாக்டரிடம் வர மாட்டேன் என்ற பெண்களுக்காகத்தான் 1885இல் மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவர் சென்னையில் ஒரு மருத்துவமனை தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி பெயரில் இருக்கும் அதைப் பழைய ஆட்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். கோஷா என்றால் மறைப்பு.

பொதுக் கூடத்தில் வரிசையாகக் கட்டில் போட்டிருக்கும் இடத்தில் கணவரை விட முடியாது. தனி அறையோ, முழுத் தடுப்போ இருந்து, அவளும் அவரைத்தான் கேட்டால், தாராளமாக விடுங்கள். விட முடியாதபோது, "ஆம்பளைக்கு இங்க என்ன வேலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் பார்த்த பல கணவன்மார் வாசலில் சட்டையைக் கசக்கிக்கொண்டு, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றவர்கள். "தம்பி, அவ ரத்த குரூப் இது. தேவைப்பட்டா குடுக்குறதுக்கு ரெண்டு பேரத் தயார் பண்ணி வச்சிருங்க. உங்க போன் ஆன்ல இருக்கட்டும்." இப்படி ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள், அந்த முகம் மாறும்.

6. உள்ளே வந்தவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுங்கள்.

பத்து வருடம் ஸ்டூலைப் போட்டுவிட்டுச் சொல்லிக்கொடுக்காமல் போனதால் வந்த தொல்லைகள் நிறைய. அடிமுதுகை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிடச் சொல்லுங்கள். அடிக்கடி தண்ணீர், கஞ்சி, இளநீர், டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூத்திரம். முடிந்தால் நடை. வலி வரும்போது மூச்சை நிதானமாக விடச் சொல்லி அவளோடு சேர்ந்து இவரும் விட வேண்டும்.

செய்யக் கூடாததையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வயிற்றை அமுக்கக் கூடாது. நம்மவர்களே அமுக்கியதைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள், அதனால் இரண்டு தடவை சொல்லுங்கள். வாய் முழுதும் திறக்கும் முன் "முக்கு, முக்கு" என்று விரட்டக் கூடாது. அடுத்த கட்டிலுக்குப் போய் யோசனை சொல்லக் கூடாது. போனில் படம் எடுக்கவே கூடாது. இருமலோ காய்ச்சலோ இருந்தால் வேறு ஆள் வரட்டும்.

கை கழுவுவதைக் குழாயடியில் நீங்களே செய்து காட்டுங்கள். சோப்புப் போட்டு 40 முதல் 60 வினாடி. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணப் பரிசோதனை செய்துவிட்டு வந்து பிரசவம் பார்த்த மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார், பிரசவக் காய்ச்சலில் சாகும் பெண்களின் எண்ணிக்கை மளமளவென்று விழுந்தது. பெரிய படிப்புப் படித்தவர்கள்தான் அவரை நம்பவில்லை. நம் துணை அம்மாக்கள் அப்படி இல்லை. ஏன் என்று சொன்னால் உடனே கேட்பார்கள்.

7. வெளியே இருப்பவர்களுக்கு மணிக்கு ஒருமுறை சேதி சொல்லுங்கள்.

இதை எழுதும்போது எனக்கு ஓர் இரவு நினைவு வருகிறது. இரண்டாவது பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, நஞ்சும் விழுந்தது, அதன் பிறகு கருப்பை சுருங்கவில்லை. உதிரம் கொட்டுகிறது. டாக்டரும் நாங்கள் மூன்று பேரும் அவள் மேலேயே இருக்கிறோம். ஒருவர் வயிற்றைப் பிசைகிறார், ஒருவர் ஊசி, ஒருவர் ரத்தப் பை. ஆயா ரத்த வங்கிக்கும் வார்டுக்கும் ஓடுகிறாள். இரண்டு மணி நேரம் வாசலில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கே நின்ற பதினேழு பதினெட்டுப் பேர் கண்டது, ரத்தக்கறைப் புடவையோடு ஓடும் ஆயாவும் பதற்றத்தோடு உள்ளே போகும் டாக்டர்களும்தான். யாரோ ஒருவர், "பொண்ணு போயிருச்சாம்ல" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த ஐந்து நிமிடத்தில் கதவுக் கண்ணாடி நொறுங்கியது. பயிற்சி டாக்டர் ஒரு பையனுக்குக் கையில் ஏழு தையல்.

அந்த நேரத்தில் உள்ளே அவள் கண் விழித்து, "தண்ணி" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் குழந்தையோடு நடந்தே வீட்டுக்குப் போனாள்.

மருத்துவமனையைத் தாக்குகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கத் தமிழ்நாட்டில் 2008இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அது தேவைதான். ஆனால் அன்றைய தவறில் என் பங்கும் இருந்தது. நான்தான் அன்றைக்கு வார்டுப் பொறுப்பு. ஒரு மாணவியை வாசலுக்கு அனுப்பி, "உதிரம் ஜாஸ்தியா போகுது, டாக்டருங்க எல்லாரும் அவகிட்டதான் இருக்காங்க, ரத்தம் ஏறுது, அரை மணில மறுபடி வந்து சொல்றேன்" என்று சொல்லச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது. கேஸ் ஷீட்டின் மேலேயே வெளியே இருப்பவர்களில் ஒருவருடைய பெயர், உறவு, போன் நம்பர். சேதி அவருக்கு மட்டும். மற்றவர்களுக்கு அவர் சொல்வார். மணி அடித்தால் நான் அல்லது நான் அனுப்பிய ஆள் வாசலில் இருப்போம். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் போய், "அப்படியேதான் இருக்கு, குழந்தை துடிப்பு நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வருவோம். ஒரு மாதத்தில் கதவைத் தட்டும் சத்தம் பாதியாகக் குறைந்தது. இரவு பத்து மணிக்கு மேல் பாதிப் பேர் தாங்களே கிளம்பி ஊருக்குப் போனார்கள். விரட்டியபோது போகாதவர்கள், சேதி வரும் என்று தெரிந்ததும் போனார்கள்.

என்ன சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். "அஞ்சு சென்டிமீட்டர்" என்றால் அவர்களுக்குப் பயம்தான் கூடும். "வாய் பாதி தொறந்திருக்கு. தலைப்பிரசவம், இனிமே நல்ல வலி வந்து பன்னெண்டு மணி நேரம் வரைக்கும்கூட ஆகும், அது வழக்கம்தான்" என்று சொல்லுங்கள். இத்தனை மணிக்குப் பிறந்துவிடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த நேரம் தாண்டினால் நீங்கள் அதுவரை சொன்ன எதையும் நம்ப மாட்டார்கள். அவளுடைய பழைய கருக்கலைப்பு, ரத்தப் பரிசோதனை முடிவு, எச்.ஐ.வி. போன்றவை வாசலில் பேசுவதற்கில்லை. அவற்றை அவள் அனுமதி இல்லாமல் எங்குமே பேசக் கூடாது. கெட்ட சேதி சொல்ல வேண்டியிருந்தால் டாக்டரோடு போங்கள், இரண்டு பேரை மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுங்கள். நின்றுகொண்டு சொல்லாதீர்கள்.

8. வாசலில் நிற்கும் காவலாளியையும் ஆயாவையும் உங்கள் ஆட்களாக்கிக்கொள்ளுங்கள்.

வார்டைப் பற்றி ஊர் பேசுவது அவர்கள் வாயிலிருந்து வரும் வார்த்தையை வைத்துத்தான். "ஏய், தள்ளு" என்று ஒரு சொல் விழுந்தால் அதன் பிறகு நீங்கள் எவ்வளவு நல்லவளாக நடந்தாலும் எடுபடாது. "அப்பத்தா, பாஸ் அவுககிட்ட இருக்கு, அவுக வெளிய வந்ததும் நீங்க போகலாம். அதுவரைக்கும் அந்த பெஞ்சுல உக்காருங்க." இதைச் சொல்லக் கொஞ்சம்தான் கூடுதல் நேரம் ஆகும். பெஞ்சு இல்லாவிட்டால் பெஞ்சு கேட்டு எழுதுங்கள், ஃபேனும் குடிதண்ணீரும் கேட்டு எழுதுங்கள். உட்கார இடம் இருக்கும் கூட்டம் கதவில் சாயாது.

9. கை நீட்டக் கூடாது.

எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாரும் எழுதுவதில்லை. குழந்தையைக் காட்டக் காசு, ஆண் என்று சொல்ல ஒரு தொகை, பெண் என்றால் கொஞ்சம் குறைவு. நான் வேலை பார்த்த இடங்களில் இதைக் கண்டிருக்கிறேன், தடுத்தும் இருக்கிறேன், தடுக்க முடியாமல் தோற்றும் இருக்கிறேன். உள்ளே விடக் காசு வாங்கும் வார்டில் விதி எதுவும் நிற்காது. இருநூறு ரூபாய் கொடுத்தவர் மூன்று பேரோடு உள்ளே வருவார், இல்லாதவரின் மகள் தனியாகக் கிடப்பாள். பெண் குழந்தை என்று சொல்லும்போது உங்கள் குரல் இறங்குகிறதா என்று நீங்களே கவனியுங்கள். அந்தக் குரலை வைத்துத்தான் வாசலில் நிற்பவர்கள் தங்கள் முகத்தை முடிவுசெய்கிறார்கள். சிபாரிசோடு வருகிறவர்களுக்கும் இதேதான். ஒரு கட்சிக்காரர் போன் செய்தார் என்று நான் ஒருமுறை மூன்று பேரை விட்டேன். அன்று மாலை வரை எவரையும் என்னால் நிறுத்த முடியவில்லை.

10. பிறந்த முதல் ஒரு மணி நேரம் தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது.

கூட்டம் மிகவும் நெருக்கும் நேரமும் இதுதான். குழந்தையைப் பார்க்க வேண்டும், தூக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் குழந்தை தாயின் மார்பில், தோலோடு தோலாகக் கிடக்க வேண்டும். சீம்பால் இறங்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாம் கருப்பை இறுகியிருக்கிறதா, உதிரம் எவ்வளவு, நாடி எப்படி என்று பார்க்க வேண்டும். ஏழாம் எண்ணில் சொன்ன பெண்ணுக்கு உதிரம் கொட்டியதும் இந்த நேரத்தில்தான்.

சேனை வைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் நல்ல குணமுள்ள ஒருவர் குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வைப்பார். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்ற நம்பிக்கை. சிலர் கழுதைப்பால் சங்கையும் மடியில் மறைத்துக் கொண்டுவருவார்கள். சர்க்கரைத் தண்ணீர் குழந்தையின் வயிற்றைக் கெடுக்கும். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலுள்ள கிருமி வித்துகளால் தசை தளர்ந்து மூச்சே நின்றுபோகும் நோய் வரலாம். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கிண்ணத்தைப் பிடுங்காதீர்கள். சேனை வைக்க வந்தவர் அந்தக் குடும்பத்தில் மதிப்புள்ளவர், அந்த மதிப்பைத் தரையில் போட்டால் வார்டுக்குள் தோற்றுப்போய், வீட்டில் வைத்துவிடுவார்.

நான் செய்தது இது. பெரியவரை உள்ளே கூப்பிட்டு, கையைக் கழுவச் சொல்லி, "மொதல்ல தாய் பாலு வாயில படணும் அப்பத்தா, அதான் இதுக்குச் சேனை. நீங்க பிள்ளை உச்சந்தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்ணுங்க" என்பேன். தாயின் மார்பில் இருக்கும் பிள்ளையின் தலையில் அவர் கை வைப்பார். ஒரே ஒரு தடவைதான் ஒரு பாட்டி என்னோடு சண்டை போட்டாள். அவளும் மறுநாள் பழம் கொண்டுவந்தாள்.

11. வார்டுக்கு மாற்றிய பிறகு.

இங்கே பார்வை நேரம் உண்டு, அதைக் காப்பாற்றுங்கள். தையல் போட்டவள் காலை மடக்கி உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருக்கக் கூடாது. அவள் தூங்க வேண்டும். சளி பிடித்த சிறுபிள்ளைகள் குழந்தை முகத்தில் முத்தம் கொடுக்க வேண்டாம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே எண் உள்ள பட்டை கையில் இருக்கிறதா என்று டியூட்டி மாறும்போது பாருங்கள். கூட்டம் அதிகமாக இருக்கும் வார்டில்தான் குழந்தை திருடுகிறவள் வருவாள், மிகவும் அன்பாகப் பேசுவாள், "நீ சாப்பிடும்மா, நான் வச்சிருக்கேன்" என்பாள். முகம் தெரியாத எவரிடமும் பிள்ளையைக் கொடுக்காதே என்று தாயிடமும் துணைக்கு இருப்பவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஊசிக்கோ எடை பார்க்கவோ நீங்களே எடுத்துப்போனாலும் துணைக்கு இருப்பவர் கூடவே வரட்டும்.

12. தொற்றுக் காலம் வந்தாலும் அந்த ஒருவரை இழக்காதீர்கள்.

2020இல் பல இடங்களில் துணையை முழுதாக நிறுத்தினார்கள். கொரோனா இருந்தாலும் பிரசவத் துணை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே சொன்னது. அந்த மாதங்களில் தனியாகப் பெற்ற பெண்கள் என்னிடம் இன்றும் அதைத்தான் பேசுகிறார்கள், காய்ச்சலைப் பேசுவதில்லை. மாஸ்க் போட்டு, பரிசோதித்து, ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ள வழி தேடுங்கள்.

13. யாருமே வராத பெண்.

பதினான்கு பேரை நினைத்துப் பயந்த சின்னவளுக்கு இதை அன்று சொல்ல மறந்துவிட்டேன். கூட்டமே இல்லாத ஒருத்தி வருவாள். கட்டட வேலைக்கு வடக்கே இருந்து வந்த பெண்ணாக இருக்கலாம், வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்தவளாக இருக்கலாம், கல்யாணமே ஆகாதவளாகவும் இருக்கலாம். 2020இல் வந்த புதிய பிரசவக் கண்காணிப்புப் படிவத்தில் துணை என்று ஒரு வரி இருக்கிறது. இருக்கிறார், இல்லை, அவள் வேண்டாம் என்றாள் என மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். குழந்தையின் துடிப்பை எழுதும் அதே தாளில் இதையும் கேட்கிறார்கள்.

அந்தப் படிவம் வருவதற்கு முன்னால் ஒரு மழை இரவில் ஒடிசாப் பெண் ஒருத்தியை மேஸ்திரி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார். கணவன் வேறு ஊர் சைட்டில். அவளுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு ஒடியா தெரியாது. அன்று டியூட்டியில் இருந்த ஆயாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல், மூட்டு வலி உள்ளவள். அவளுடைய கூட்டும் வேலையை இரண்டு மாணவிகளிடம் கொடுத்துவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னேன். "இருத்தா, இருத்தா, இந்தா வந்துருச்சு" என்று விடியும்வரை ஆயா அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டே தமிழில் பேசினாள். அந்தப் பெண்ணும் ஒடியாவில் என்னென்னவோ பதில் சொன்னாள். நாலே முக்கால் மணிக்கு ஆண் குழந்தை.

காலை ரவுண்டுக்கு வந்த டாக்டரம்மா கேஸ் ஷீட்டைப் புரட்டி, துணைக்கு இருந்தவர் என்ற இடத்தில் நான் எழுதியிருந்த பெயரைப் பார்த்து, "இது யாரு, அம்மாவா?" என்று கேட்டார். ஆயா அப்போது குழந்தையின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நாந்தாங்கம்மா" என்றாள்.